வேலுத்தாயின் வலது கை

பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த தாயில்பட்டியில் கை போனவர்களைப் பார்த்தால் யாரும் எப்படிப் போனது என்று கேட்பதில்லை. எந்தக் கம்பெனி என்றுதான் கேட்பார்கள். வேலுத்தாயிடமும் அப்படித்தான் கேட்கிறார்கள். வெடியில் போகவில்லை, வண்டியில் போனது என்று அவள் சொன்னதும் கேட்டவர் முகம் சப்பென்று ஆகிவிடுகிறது. வெடியில் போயிருந்தால் நாலு பேர் வந்து பார்த்திருப்பார்கள், பேப்பரில் வந்திருக்கும். இண்டிகேட்டர் எரியாததால் போன கைக்கு அந்த மரியாதைகூட இல்லை.

என் இட்லிக்கடைக்கு எதிரில்தான் கம்பெனி வேன் வந்து நிற்கும். அதனால் இந்தக் கூத்து முழுவதையும் நான் கண்ணால் பார்த்தவள்.

வேலுத்தாய் கல்யாணமான மறு வருஷமே பட்டாசு வேலைக்குப் போனவள். திரி சொருகுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பக்கத்திலிருப்பவளோடு வாயாடிக்கொண்டே சொருகுவாள், ஒரு திரி சாயாது. புருஷன் திருப்பூருக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அந்த விரல்களை நம்பித்தான் மகள் மாரிசெல்வியைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தாள். அடுத்து நர்ஸ் படிப்பு. “எம்பிள்ள இந்த வேன்ல மட்டும் கால் வைக்கக் கூடாது மதினி, அது போதும் எனக்கு” என்பாள் என்னிடம்.

அந்த வேனோ, கம்பெனி முதலாளி சீனிவாசகம் எங்கேயோ மலிவாகப் பிடித்த பழைய வண்டி. பின்பக்கத்து வலது இண்டிகேட்டர் எரியாது. டிரைவர் அழகுராஜா பல்பை மாற்றினான். கொஞ்ச நாள் எரிந்து நின்றுவிட்டது. விளக்கை மினுக்கவைக்கிற பிளாஷரை மாற்றினான். டிக்டிக்கென்று சத்தம் மட்டும் அவசரமாகக் கேட்டதே தவிர விளக்கு வரவில்லை. பிரேக்கை மிதித்தால் மட்டும் அந்த இண்டிகேட்டர் செத்த வெளிச்சமாக மினுங்கும். கடைசியில் எலக்ட்ரீசியன் முனியசாமியைக் கூட்டி வந்தான். அவர் ஒயரை வண்டியின் பாடியில் உரசி, பொறி வருகிறதா என்று பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கிற ஆள். வேனுக்குள் தலையை விட்டார். பெண்களின் சேலையிலிருந்து உதிர்ந்த வெடிமருந்துத்தூள் சீட்டெல்லாம் படிந்திருந்தது. விட்ட தலையை அப்படியே வெளியே இழுத்துக்கொண்டார்.

“மருந்து வண்டியில நான் ஒயர ஒரச மாட்டேம்ப்பா. நல்லாக் களுவி வையி, பொறவு பாப்போம்.”

கழுவினார்கள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் குடம் குடமாக ஊற்றிக் கழுவினார்கள். தண்ணீரெல்லாம் ஓடிப்போய்ப் பின்னால் வலது மூலையில் தேங்கும். அந்த விளக்கின் எர்த் ஒயரைப் பிடித்திருந்த போல்ட் அந்த மூலையில்தான் இருந்தது. அதில் ஏறியிருந்த துருவால்தான் விளக்குக்குக் கரண்டு ஓடவில்லை. தீக்குப் பயந்து ஊற்றிய தண்ணீர் அதை இன்னும் துருப்பிடிக்க வைத்தது. முனியசாமி திரும்பி வருவதற்குள் தீபாவளி சீசன் வந்துவிட்டது, வண்டியை நிறுத்த முடியாது என்று சீனிவாசகம் சொல்லிவிட்டார்.

“அம்புட்டுத்தான? கைய நீட்டிட்டுப் போங்கப்பா. எங்கப்பா காலத்துல எல்லாரும் அப்படித்தான ஓட்டுனாக.”

ஸ்டியரிங் கல்லாக இருக்கும், அழகுராஜா இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால்தான் திரும்பும். அதனால் கை நீட்டுகிற வேலை, கடைசி சீட்டில் வலது ஜன்னலோரம் உட்காருகிற வேலுத்தாய்க்கு வந்தது. சாயங்காலம் திரும்பும்போது விரலெல்லாம் பட்டாசுக்குப் போடுகிற சில்வர் பவுடர் ஒட்டி, பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சத்தில் பளபளக்கும்.

“யக்கா, ஒங் கையி இருக்கையில எனக்கெதுக்கு லைட்டு?” என்று அழகுராஜா சிரிப்பான். வேனே சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

தீபாவளிக்கு முந்தின மாதம் ஒருநாள், இருட்டுகிற நேரம். வேன் என் கடைக்கு எதிரே வலது பக்கம் திரும்ப வந்தது. அவள் கையை நீட்டினாள். பின்னால் வந்த லாரிக்காரன் முந்தப் பார்த்தான், கையைப் பார்க்கவில்லை. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். மதுரை ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாளே வேனை விருதுநகருக்கு ஓட்டிப்போனார்கள். அங்கே இருந்தவர் ஒயரை உரசவெல்லாம் இல்லை. சின்ன பல்பு வைத்த டெஸ்டரைத் தொட்டுப் பார்த்தார், துருவை உப்புத்தாளால் தேய்த்தார், புது எர்த் ஒயர் போட்டார். டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை. வயிறு எரிகிறது எனக்கு.

ஒற்றைக் கையால் திரி சொருக முடியாது. நர்ஸ் படிப்புப் பேச்சு அந்த வீட்டில் நின்றுபோனது. அம்மா அழ அழ மாரிசெல்வி வேனில் ஏறினாள். அம்மாவுடைய சீட்டே காலியாக இருந்தது.

கழுவுவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் புது எர்த்தும் துருவேறிப் போனது. ஒரு சாயங்காலம் வேலுத்தாய் என் கடையில் நின்றுகொண்டிருந்தாள். வேன் வந்தது. டிக்டிக்கென்று அதே அவசரச் சத்தம். ஜன்னலிலிருந்து ஒரு சின்னக் கை பளபளவென்று வெளியே நீண்டது. அவள் போட்ட கூச்சலில் நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் வேனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

“ஏலே அழகு, லைட்டச் சரி பண்ணாம வண்டி இங்கன இருந்து நகராது.”

“ஞாயித்துக்கிளம பாத்துருவோம்க்கா. மொதலாளிட்டச் சொல்லியாச்சு.”

உள்ளேயிருந்து பெண்கள் சத்தம் போட்டார்கள். பிந்திப் போனால் கம்பெனி கேட்டை அடைத்துவிடுவார்கள் என்பது அவர்கள் கவலை. அதிலும் ஒருத்தி, “ஒனக்குப் போச்சுன்னு எங்க பொளப்பையும் கெடுக்கியா?” என்றாள். கடைசி ஜன்னலிலிருந்து மாரிசெல்வி தலையை நீட்டினாள்.

“வெலகும்மா. கேட்ட அடச்சிருவாக.”

வேலுத்தாய் விலகினாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. வேனைச் சுற்றிப் போய் ஏறினாள், மகளை உள்ளே தள்ளிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வேன் கிளம்பியது. திருப்பத்தில் சேலைத் தலைப்பைச் சுற்றிய பாதிக் கை வெளியே நீண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் வரவில்லை. தினமும் வேலுத்தாய் வேனில் போகிறாள், கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள், மகளோடு திரும்புகிறாள். அந்தக் கையைப் பார்த்தால் பின்னால் வருகிறவன் கட்டாயம் பிரேக் போடுகிறான். “பாவம், வேலைக்கு ஆகாட்டாலும் சும்மாவே ஏத்திட்டுப் போறோம்” என்று சீனிவாசகம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.