பெரியவர்கள் பிரிவில் முதல் நாள்

பதினான்கு வயதில், பஸ் ஏறினாலே எனக்கு நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும். அதற்காக அம்மா மாதாமாதம் என்னை ஆஸ்பத்திரியில் குழந்தைகள் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போவாள். திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கும் அவளுக்கு அன்று வியாபாரம் கிடையாது. நாலு வருடத்தில் பயம் தணிந்தது. அம்மா பக்கத்தில் இருந்தால் பஸ்ஸில் உட்கார முடிந்தது.

பதினெட்டு முடிந்ததும் டாக்டரம்மா, "இனிமே நீ பெரியவங்க பிரிவுக்குப் போகணும்" என்றார். ஒட்டகச்சிவிங்கி படம் வரைந்த குழந்தைகள் பிரிவுச் சுவரை விட்டுப்போக எனக்கு அழுகை வந்தது. புது டாக்டருக்கு எழுதிய கடிதத்தை அவர் உறையை ஒட்டாமல் என்னிடமே நீட்டினார்.

"உன்னப் பத்தி எழுதினது. தப்பிருந்தா சொல்லு."

பரீட்சை பயம் என்றிருந்த இடத்தைக் காட்டினேன். சிரித்தபடியே அதை அடித்துவிட்டு, பஸ் பயம் என்று எழுதினார்.

புது டாக்டருக்கு என் அப்பா வயதிருக்கும். வழக்கம்போல அம்மாவே ஆரம்பித்தாள். "நல்லாத் தூங்குது சார். சோறுதான் சரியாத் துன்றதில்ல."

"நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா. அவங்களே சொல்லட்டும்."

அவங்க யாரென்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை.

"இன்னா சார், அதுக்கு இன்னா தெரியும்? நாலு வருசமா நான்தானே சொல்லிகினு கீறேன்!" என்று முனகிக்கொண்டே அம்மா வெளியே போனாள்.

முதலில் பழக்கத்தில் அம்மாவின் காலி நாற்காலியைப் பார்த்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு, ராத்திரி போடும் மாத்திரையால் காலையில் காலேஜில் தூங்கி வழிவதைச் சொன்னேன். துணையில்லாமல் பஸ்ஸில் போக ஆசை என்றேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மாத்திரை நேரத்தை மாற்றி எழுதிவிட்டு, "தனியா எதுவரைக்கும் போய்ப் பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"தேரடி வரைக்கும் சார். மூணு ஸ்டாப்பிங்."

வெளியே அம்மா காத்திருந்தாள். "இன்னாடி சொன்ன?"

"அது எனக்கும் டாக்டருக்கும் நடுவுலம்மா."

ஒரு நிமிடம் அவள் முகம் சுருங்கியது. அப்புறம் வரிசை முழுக்கக் கேட்கும்படி, "எம் பொண்ணு பெரிய மனுசி ஆய்ட்டா!" என்றாள்.

பக்கத்திலிருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இப்பத்தானா?" என்றார். வரிசையே சிரித்தது. வெட்கத்தை மீறி நானும் சிரித்தேன்.

தேரடி, பிறகு ராயபுரம். மூன்றாவது மாதம் ஆஸ்பத்திரிக்கே தனியாகக் கிளம்பினேன். பஸ் நகர்ந்ததும் மார்க்கெட்டிலிருந்து போன்.

"சீட்டு கெடச்சிச்சா?"

"ஜன்னலோரம்மா!"

"கைய வெளிய நீட்டாத" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் யாருக்கோ வஞ்சிரம் விலை சொல்லத் தொடங்கினாள்.