ஸ்டெல்லா டீச்சரின் நாலரை இஞ்ச் டெலஸ்கோப்

அந்த ஆயுத பூஜை அன்று எங்கள் மொட்டைமாடியில் இருந்தவர்கள்: நான், எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர், என் நாத்தனார் வசந்தா, அவள் வீட்டுக்காரர் கோதண்டம்.

அதில் டீச்சர் இன்று விடியற்காலை போய்விட்டார். தூக்கத்திலேயே...

திருப்பாதிரிப்புலியூரில் அவரிடம் சயின்ஸ் படித்தவர்கள் நிறையப் பேர் இந்த குரூப்பில் இருக்கிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். எனக்கு அவர் எதிர்வீடு, அவ்வளவுதான்.

2010-இல் ரிட்டையர் ஆனதும் டீச்சர் ஒரே ஒரு ஆசை சொன்னார். சனி கிரகத்தின் வளையத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். வருடக்கணக்காக போர்டில் சாக்பீஸால் வரைந்திருக்கிறார், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

கண்ணில் பிரஷர் வேறு. ஓரமெல்லாம் மங்கிவிட்டது.

"நடுவுல கொஞ்சம் தெரியுது சரோஜா, குழாய்க்குள்ள பாக்க அது போதும். அதுவும் போறதுக்குள்ள பாத்துடணும்" என்றார்.

சிதம்பரத்தில் காலேஜ்களுக்கு லேப் சாமான் விற்கும் ஒரு கடைக்கு இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் பளபளவென்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"அறுநூறு மடங்கு காட்டும் மேடம்!"

"மடங்கு கெடக்கட்டும். வாய் எவ்ளோ அகலம்? அதுவழியாத்தான வெளிச்சம் எறங்கணும்?" என்றார் டீச்சர். ஸ்டாண்டை ஒரு விரலால் தட்டினார். குழாய் ஆடியது... ஆடிக்கொண்டே இருந்தது.

மூலையில் குட்டையாக இன்னொன்று, மரப்பலகை மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அடியில் நாலரை இஞ்ச் குழிக்கண்ணாடி.

"மழைத்தண்ணி புடிக்க சொம்பா வைப்போம்? அண்டாதான வைப்போம். இதையே எடுங்க டீச்சர்" என்றேன். எடுத்துவிட்டார்.

கடலூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா ஆயா இது, பாய்லரா?"

"சனி பகவானப் பாக்கறதுக்கு வாங்கிட்டுப் போறோம்."

"அவுரு நம்மளப் பாக்கறது பத்தலன்னு நீங்க வேற தேடிப் போறீங்களா!"

பஸ்ஸே சிரித்தது. ஜாஸ்தி சிரித்தது டீச்சர்தான்.

டீச்சருடையது ஓட்டு வீடு. அதனால் டெலஸ்கோப் எங்கள் மாடி ரூமில் இருந்தது. கீழ் போர்ஷனில் வசந்தாவும் கோதண்டமும்.

முதல் நாள் பகலிலேயே கோயில் கலசத்துக்கு நேராகத் திருப்பி, மேலே குறி பார்க்க ஒட்டியிருந்த குட்டிக் குழாயும் பெரிய குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கிற மாதிரி திருகி வைத்தார் டீச்சர். கோபுரம் தலைகீழாகத் தெரிந்தது. வசந்தா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நிலாவைப் பார்த்தோம்... முகமெல்லாம் அம்மைத் தழும்பு. வியாழனைப் பார்த்தோம், பக்கத்தில் பொட்டுப் பொட்டாக நாலு நிலா. சனி மட்டும் அப்போது இல்லை. "சித்திரையில சாயங்காலமே கெழக்க வந்துடும்" என்று டீச்சர் காத்திருந்தார்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது.

அரிவாள்மனை, தையல் மிஷின், சைக்கிள் எல்லாம் தேய்த்து முடித்த வசந்தா, டெலஸ்கோப்பையும் விடுவானேன் என்று நினைத்திருக்கிறாள். கோதண்டம் ஸ்க்ரூ கழற்றிக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். குத்துவிளக்குக்குப் போடுகிற அதே புளி, அதே சாம்பல்.

சுண்டல் வாங்க வந்த டீச்சரோடு நான் மாடி ஏறினால்...

"அண்ணி, பாருங்க! அழுக்கெல்லாம் போயி அந்தப் பக்கம் என் கையே தெரியுது!"

வீட்டுக் கண்ணாடிக்குப் பூச்சு பின்பக்கம். இதற்கு முன்பக்கம். அது மொத்தமும் வசந்தாவின் துணியில் இருந்தது.

டீச்சர் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்புறம், அழ ஆரம்பித்துவிட்ட வசந்தாவின் கன்னத்தைத் தட்டினார். "அழுவாதடி. மெட்ராஸ்ல திரும்பப் பூசிக் குடுப்பாங்க. சித்திரைக்கு இன்னும் நாள் கெடக்கே."

கோதண்டம் ஸ்பேர் பார்ட்ஸ் எடுக்க வாரம் தவறாமல் மெட்ராஸ் போகிறவர். "நான் பாத்துக்கறேன் டீச்சர்" என்று நான் துணியில் சுற்றிக் கொடுத்த கண்ணாடியை வாங்கிக்கொண்டார்.

தையில் கேட்டால், "குடுத்துட்டேன், லேட் ஆவுமாம்." பங்குனியில், "அந்த ஆளு ஊர்ல இல்ல."

சித்திரை பிறந்தது. விளக்கு வைத்ததும் டீச்சர் தெருவில் வந்து நின்று கிழக்கே பார்ப்பார். "சரோஜா, அதோ இருக்கும் பாரு..." கண்ணாடி வந்ததா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆனியில் வசந்தா பரண் ஒழித்தபோது கண்ணாடி கிடைத்தது. பழைய டயர் டியூபுக்குப் பின்னால், நான் சுற்றிக் கொடுத்த அதே துணியில். அது மெட்ராஸையே பார்க்கவில்லை.

கோதண்டத்தைக் கேட்டேன்.

"நம்ம வூட்டு மாடிக்கு சனியக் கூப்புடச் சொல்றீங்களா அக்கா? அந்தம்மாவுக்கே கண்ணு போயிகிட்டு இருக்கு. இனிமே அது எதுக்கு?"

பல் குத்திக்கொண்டே சொன்னார்.

நானே மெட்ராஸ் போய்ப் பூசக் கொடுத்தேன். கைக்கு வருவதற்குள் சனி மேற்கே இறங்கிவிட்டது. அடுத்த சித்திரையில்... இந்த வருடம்தான்... டீச்சரைக் கைபிடித்து மாடிக்குக் கூட்டிப்போனேன். கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

"வெளிச்சமா ஏதோ... தெரியல. நீ பாத்துச் சொல்லு."

பார்த்தேன். "குட்டிப் பானை டீச்சர். அடியில வெக்கிற பிரிமணை இடுப்புக்கு ஏறிடுச்சு. ஆனா பானையத் தொடல, நடுவுல சந்து இருக்கு."

"அந்தச் சந்து தெரியுதா உனக்கு?" என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

போய் வாங்க டீச்சர்.

நாளை மாலை அடக்கம். அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் வாருங்கள். வசந்தா காலையிலிருந்தே அங்கேதான் அழுதுகொண்டிருக்கிறாள், அவளை நானும் டீச்சரும் அன்றைக்கே மன்னித்தாயிற்று.

நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான், அவர் வர வேண்டாம். கோதண்டம்.