ஆடி மாசத்தில் துபாய்

அய்யம்பேட்டைக்காரர்களை எப்போது எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்லும் கேள்விகள் இரண்டு. மேட்டூரில் எப்போது தண்ணீர் திறப்பார்கள்? துபாயைப் பார்க்க எந்த மாதம் போகலாம்? முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பதில். இரண்டாவதற்கு ஊர் மொத்தத்துக்கும் ஒரே பதில்: டிசம்பர்.

இதை ஊருக்குச் சொல்லிக் கொடுத்தவள் பர்வின். லத்தீஃபாவுக்கு அடுத்த வீடு. ஒரு டிசம்பரில் துபாய் போய்விட்டு வந்தவள், அதற்குப் பிறகு முழுசாக ஊர் திரும்பவே இல்லை. உடம்பு அய்யம்பேட்டையில் மீன் வாங்கும். வாய் மட்டும் துபாயில் இருக்கும். காலையில் பனி, சாயங்காலம் பூங்கா, இருட்டினால் படகு. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நிற்கிற போட்டோவைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள். அய்யம்பேட்டையில் யார் ஸ்வெட்டர் போட்டார்கள்?

லத்தீஃபா எல்லாவற்றையும் கேட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். சிரிப்பு அவளுக்கு அடக்கினாலும் அடங்காது. நிக்காஹ் அன்று சம்மதம் கேட்டபோதே களுக்கென்று சிரித்துவிட்டாள் என்று மாமியார் வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுவார்கள். ஒட்டகம், படகு எதிலும் அவளுக்கு ஆசை கிடையாது. அவள் ஆசை வேறு.

அவள் கணவர் மீரா உசேன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே துபாயில் ஒரு பாத்திரக் கடையின் கோடவுனில் வேலை பார்க்கிறார். மகன் இர்பான் வளர்ந்து தஞ்சாவூரில் காலேஜ் ஹாஸ்டலுக்கே போய்விட்டான். இத்தனை வருஷத்தில், வேலை முடிந்து களைத்துப்போய் வீட்டுக்கு வருகிற மீரா உசேனை லத்தீஃபா ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்தது லீவில் வருகிற மீரா உசேன்தான். இஸ்திரி போட்ட சட்டை, சென்ட் வாசனை, எதைப் போட்டாலும் "நல்லாருக்கு" என்று சாப்பிட்டுவிட்டுப் போகிற விருந்தாளி. தெருப் பெண்கள், "வந்ததும் வராததுமா எரிஞ்சு விழுறாரு" என்று தங்கள் புருஷன்மாரைக் குறை சொல்லும்போது லத்தீஃபாவுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வரும். ஒரு மாதமாவது அந்த மனுஷன் தினமும் வேலைக்குப் போய் வர வேண்டும், தன் மேல் எரிந்து விழ வேண்டும், தான் திருப்பிச் சண்டை போட வேண்டும். அவளுக்குத் துபாய் என்றால் அதுதான்.

ஆனால் எந்த மாதத்தைச் சொன்னாலும் அவர் அதில் ஒரு ஓட்டை வைத்திருந்தார்.

"டிசம்பர்ல வரவா?"

"ஊரு ஒலகமே அப்பத்தான் இங்க வருது. ரூம் கெடைக்காது புள்ள. நான் இருக்கறது ஆறு ஆம்பளைங்க ரூமு."

"அப்ப சித்திரையில?"

"வெயிலு ஆரம்பிச்சுரும்."

"நோன்புல?"

"நோன்புல வந்து என்னாத்தப் பாப்பே?"

இப்படியே வருஷங்கள் போயின. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து போன் பேசியவர், பேச்சோடு பேச்சாக ஒரு செய்தி சொன்னார். அவர் கட்டடத்தில் மேல்மாடியில் ஒரு மலையாளத்துக் குடும்பம். பள்ளிக்கூட விடுமுறைக்கு ஊருக்குப் போகிறார்கள். ஆடி மாசம் முழுக்க வீடு காலி. செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்று சாவியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போகப் போகிறார்கள்.

"நல்ல சீசனா இருந்தா ஒன்னைய வரச் சொல்லிருப்பேன். இது நெருப்பு மாசம். நாப்பத்தெட்டு டிகிரி."

"வர்றேன்" என்றாள் லத்தீஃபா.

"என்னது?"

"வர்றேங்கறேன்."

"வெந்து போயிருவேடி!"

"வேகறேன். டிக்கெட்டுக்குச் சொல்லுங்க."

தெரு கொல்லென்று சிரித்தது. பர்வின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "ஆடியிலயா? ஒனக்கு என்னா பைத்தியமா லத்தீஃபா? அங்க உள்ளவங்களே ஊர விட்டு ஓடுற மாசம்!" டிராவல்ஸ் வைத்திருக்கும் லியாகத் அலி, டிக்கெட் போடும் முன் நல்லவிதமாகச் சொல்லிப் பார்த்தான். "அக்கா, ஆடியில அங்கேருந்து சனம் இங்க வரும். இங்கேருந்து யாரும் போறதில்ல. ப்ளைட்டு காலியாப் போவும்."

"காலியாப் போனா என்னாப்பா, கால நீட்டிப் படுத்துக்கிட்டுப் போறேன்."

லத்தீஃபா வீட்டு நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் ரெத்தினத்துக்குத்தான் இதில் நிரம்பச் சந்தோஷம். "எங்கள்ல ஆடி வந்தா புதுசா கட்டிக்கிட்டதுங்களப் பிரிச்சு வைப்போம். நீங்க ஆடியில போயி சேரப் போறீங்களா தங்கச்சி?"

"நாங்களும் புதுசுதாண்ணே. அவரு லீவையெல்லாம் கூட்டிப் பாருங்க, கல்யாணம் ஆயி ரெண்டு வருஷம்கூட ஆவல!" என்று சொல்லிவிட்டு லத்தீஃபா சிரித்த சிரிப்பில் ரெத்தினமும் சிரித்துவைத்தார்.

நாற்பத்தெட்டு டிகிரி என்றால் மற்றவர்களுக்கு மயக்கம் வரும். லத்தீஃபாவுக்கு வத்தல் ஞாபகம் வந்தது. சித்திரை வந்தால் அரைத் தெருவுக்கு அவள்தான் மொட்டைமாடியில் அரிசி வத்தல் பிழிவாள். இங்கே மூன்று நாள் காய வேண்டியது அங்கே ஒரே நாளில் சருகாகிவிடாதா? அவ்வளவு வெயிலை அல்லா சும்மாவா கொடுத்தான்? அரிசி மாவு, ஜவ்வரிசி, சீரகம், பித்தளை அச்சு, வத்தல் பிழிய ஒரு பழைய வெள்ளை வேட்டி என்று பெட்டியில் பாதிக்கு மேல் இதுவே அடைத்துக்கொண்டது.

திருச்சி விமான நிலையத்தில் சோதனை செய்த அதிகாரி அச்சைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "துபாய்க்கு எதுக்கும்மா இது?"

"அங்க வெயிலு சும்மா அடிச்சுக்கிட்டுக் கெடக்காம் சார்."

அந்த மனுஷர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு இதை மறுபடி சொல்லிச் சிரித்தார். லத்தீஃபாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். விமானத்தில் லியாகத் அலி சொன்னபடியே வரிசை முழுவதும் காலி.

துபாயில் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் இட்லிப் பானை மூடியைத் திறந்தது போல முகத்தில் ஆவி அடித்தது. சட்டை உடம்போடு ஒட்ட நின்றுகொண்டிருந்த மீரா உசேன், நல்லாயிருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை. "நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்றார். ஆரம்பமே இப்படி அமர்க்களமாக இருந்ததில் லத்தீஃபாவுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பியதும் மாவைக் காய்ச்சினாள். வாட்ச்மேனிடம் சாவி வாங்கி மொட்டைமாடியில் வேட்டியை விரித்து, கால் பொசுங்கப் பொசுங்கப் பிழிந்துவிட்டு வந்தாள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் வத்தல் பிழிந்த மேனிக்கு அப்படியே கொழகொழவென்று கிடந்தது. மேலே மண் வேறு. அடுத்த நாளும் அதே கதை.

"கடல் காத்துடி. வெயிலுதான் நெருப்பு, காத்து பூரா தண்ணி. இங்க துணியே காயாது" என்றார் மீரா உசேன்.

லத்தீஃபாவுக்கு வந்தது பாருங்கள் கோபம். நாற்பத்தெட்டு டிகிரியாம்! சுடத் தெரிகிறது, காயவைக்கத் தெரியவில்லை. இதுவும் ஒரு வெயிலா? எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலிடம் வந்து கற்றுக்கொண்டு போகட்டும். மறுநாள் புதிதாக மாவு காய்ச்சி, வீட்டுக்குள்ளேயே வேட்டியைக் கட்டில் காலிலிருந்து வாசல்வரை விரித்து வீம்புக்குப் பிழிந்து வைத்தாள். மேலே ஏசி உறுமிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் அதை யாரும் நிறுத்துவதே இல்லை.

சாயங்காலம் கதவு திறந்தது. மீரா உசேன் வந்தார். இஸ்திரி இல்லை, சென்ட் இல்லை. முதுகெல்லாம் வியர்வை, தலைமுடியில் அட்டைப்பெட்டித் தூசி. ஒரு செருப்பு இந்தப் பக்கம் போனது, இன்னொன்று அந்தப் பக்கம். ஓர் எட்டு வைத்தார். கால் நேராக வத்தலில்.

"என்னாடி இது! மனுசன் நாளெல்லாம் ஒழைச்சுட்டு வந்தா கால வைக்க எடம் இல்ல! வீடா இது?"

கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து வந்த லத்தீஃபா அவரை மேலும் கீழும் பார்த்தாள். நிக்காஹ் அன்று வந்த அதே சிரிப்பு வந்தது.

"எதுக்குச் சிரிக்கிறே?"

"இன்னொருவாட்டிக் கத்துங்க."

அவர் கத்தத்தான் வாயைத் திறந்தார். காலில் ஒட்டிய வத்தலோடு ஒற்றைக் காலில் நின்றுகொண்டு எவ்வளவு நேரம் கத்த முடியும்? சுவரைப் பிடித்துக்கொண்டு அவரும் சிரித்துவிட்டார். லத்தீஃபாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷம் காத்துக் கிடந்தது இந்தக் கத்தலுக்குத்தான். அதை அவரிடம் சொன்னாள். அவர் உட்கார்ந்து காலிலிருந்து வத்தலைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

விடிந்து பார்த்தால் வேட்டியில் கைபட்டதும் வத்தல் கலகலவென்று உதிர்ந்தது. வெயிலுக்கு மசியாதது ஏசிக்குக் காய்ந்து சருகாகியிருந்தது! லத்தீஃபா போட்ட கூச்சலில் பல் துலக்கிக்கொண்டிருந்த மீரா உசேன் நுரையோடு ஓடிவந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடக்க இடமில்லை. வெள்ளிக்கிழமை அவருடைய ரூம்காரர்கள் ஐந்து பேரும் சாப்பிட வந்து, பொரிக்கப் பொரிக்கச் சட்டியிலிருந்தே எடுத்துத் தின்று கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

ஆடி முடிந்து ஊர் திரும்பியபோது பார்க்க வந்தவர்களில் முதல் ஆள் பர்வின்தான்.

"பூங்கா பாத்தியா?"

"இல்ல."

"படகு?"

"வெளியில கால வைக்க முடியலடி."

"அப்ப என்னதான் பாத்தே?"

லத்தீஃபா யோசித்தாள். "காலையில சோறு கட்டிக் குடுப்பேன், போவாரு. சாயங்காலம் வருவாரு. செருப்ப அங்க ஒண்ணு இங்க ஒண்ணா வுடுவாரு. என்னா கொழம்புன்னு கேப்பாரு. புளி சாஸ்தின்னு கத்துவாரு. நானும் கத்துவேன்."

"தெனமுமா?"

"தெனமும்."

பர்வின் காபியை ஒரு வாய் குடித்தாள். அவளுடைய டிசம்பரில் அவள் தங்கியது ஷார்ஜாவில் அண்ணன் வீட்டில். துபாயில் வேலை பார்க்கும் அவள் கணவருக்கும் ஆறு பேர் ரூம்தான். வெள்ளிக்கிழமை மட்டும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து ஊர் சுற்றிக் காட்டிவிட்டுப் போவார். அந்த ஒட்டகப் போட்டோவை எடுத்தவர் அவர்தான், அதனால் அதில் அவர் இல்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு அவள் எழுந்து போனாள்.

மறுநாள் லியாகத் அலியிடமிருந்து போன் வந்தது. "அக்கா, பர்வின் அக்கா இங்க வந்து ஒக்காந்திருக்காங்க. அடுத்த ஆடிக்கு இப்பவே டிக்கெட்டு போடணுமாம். அந்த மலையாளத்தாரு வீடு அடுத்த வருஷமும் காலியாவுமான்னு ஒங்ககிட்ட கேக்கச் சொல்றாங்க."

"காலியாவும். ஆனா அது எனக்கு" என்றாள் லத்தீஃபா. "அவள வேற வீடு பாக்கச் சொல்லுப்பா. ஆடியில அந்த ஊருல வீட்டுக்கா பஞ்சம்?"