பல் எக்ஸ்ரே எடுக்கும்போது நான் ஏன் வெளியே போகிறேன்

1. மடித்து வைத்த அங்கி

நான் பத்தாவது வரை படித்தவன். தென்காசியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருக்கிறேன். எக்ஸ்ரே ரூம் என் பொறுப்பு. பல் டாக்டரிடம் போகப் பயப்படும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என் வீட்டிலும் அப்படி இரண்டு பேர் உண்டு.

முதல் நாள் டாக்டரம்மா என் கையில் ஒரு அங்கியைக் கொடுத்தார். பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கிய கனம் இருந்தது. எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளிக்குக் கழுத்திலிருந்து மடிவரை இதைப் போர்த்த வேண்டும் என்றார். சாயங்காலம் அதை நன்றாக நான்காக மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலையில் டாக்டரம்மா அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இது என்ன அண்ணாச்சி, தேச்சு வச்ச சட்டையா? உள்ள ஈயத் தகடு இருக்கு. மடிச்சா உள்ளுக்குள்ளயே விரிசல் விட்டுரும், வெளிய தெரியாது. அந்த வழியா கதிர் போயிரும். தொங்கத்தான் விடணும்.”

அன்றே சுவரில் தடித்த கம்பி அடித்து அதில் தொங்கவிட்டேன். இன்றும் அந்தக் கம்பி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

2. என் கெட்டிக்காரத்தனம்

எக்ஸ்ரே என்றதும் பாதிப் பேர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். “கதிரு உடம்புக்கு ஆகாதுல்லா?” என்பார்கள். சின்னப் பிள்ளைகள் வாய்க்குள் வைக்கும் சென்சாரை நாக்கால் தள்ளிவிடும். அது தீப்பெட்டி அகலத்தில் இருக்கும், படம் பதியும் தகடு. அதைப் பிடித்துக்கொள்ள ஹோல்டர் என்று ஒரு சாதனம் உண்டு. அதைக் கடித்தால் சென்சார் அசையாது. ஆனால் பிள்ளைகளுக்கு அதைப் பழக்க நேரம் ஆகும்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இடது கை விரலால் சென்சாரைப் பிள்ளையின் வாய்க்குள் பிடித்துக்கொள்வேன். வலது கையால் சுருள் வயரில் உள்ள பட்டனை அமுக்குவேன். “பாருங்க, நானே பக்கத்துல நிக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்பேன். எல்லோரும் சமாதானமாகிவிடுவார்கள். டாக்டரம்மா அடுத்த ரூமில் வேறு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு இது தெரியாது. எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

3. அச்சன்புதூர்ப் பிள்ளை

குற்றால சீசன் நேரம். தென்காசி முழுக்கச் சாரல். அச்சன்புதூரிலிருந்து ஒரு அம்மா தன் மகள் தர்ஷினியைச் செக்கப்புக்குக் கூட்டி வந்தார். பிள்ளைக்கு ஒன்பது வயது நெருங்குகிறது. பல்லில் வலி இல்லை, சொத்தை இல்லை. ஆனால் முன்பல் இரண்டில் ஒன்று முளைத்து வருடத்துக்கு மேலாகியும் மற்றது வரவே இல்லை.

டாக்டரம்மா முதலில் கண்ணால் பார்த்தார், விரலால் ஈறைத் தடவினார். பிறகு சொன்னார். “செக்கப்புக்கு வார எல்லாருக்கும் நான் படம் எடுக்க மாட்டேன். இது உள்ள என்ன நடக்குன்னு கண்ணுக்குத் தெரியல. அந்த இடத்துக்கு மட்டும் ஒரே ஒரு படம்.”

அந்த அம்மா தயங்கினார். நான் வழக்கம்போல, “வாங்க, நான் பக்கத்துலயே நிக்கேன்” என்று உள்ளே கூட்டிப்போனேன். பிள்ளைக்கு அங்கியைப் போர்த்தினேன். கழுத்துக்கான ஈயப் பட்டையைக் கட்டினேன். சென்சாரை விரலால் பிடித்தேன்.

அந்த நேரம் ஏதோ எடுக்க வந்த டாக்டரம்மா கதவைத் திறந்தார்.

“கைய எடுங்க.”

எடுத்தேன்.

“எத்தன நாளா இப்படிச் செய்யுதிய?”

அவர் பட்டனை என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் மாட்டினார். “நீங்க வெளியதான் நிக்கணும் அண்ணாச்சி. ஒங்களுக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு.”

அவ்வளவுதான். அந்த அம்மா எழுந்து மகளின் அங்கியை அவிழ்க்க ஆரம்பித்தார்.

“இவரு நிக்கக் கூடாது, எம்புள்ள மட்டும் இருக்கலாமாக்கும்? ஏட்டி, எந்தி. பல்லு வரும்போது வரட்டும்.”

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. இத்தனை நாள் நான் ஆட்களைச் சமாதானப்படுத்திய விதமே இப்போது அந்தப் பிள்ளையின் பல்லுக்கு எதிராக நின்றது. வாசல் வரை போய்விட்டார்கள். வெளியே சாரல் இறங்கிக்கொண்டிருந்ததால் குடையை விரிக்க நின்றார்கள். நான் பின்னாலேயே போனேன்.

“அக்கா, நான் சொன்னது தப்பு. ஒண்ணுமே ஆகாதுன்னு சொன்னேன்லா, அது முழுசா உண்மை இல்ல. இந்தச் சாரலப் பாருங்க. பஸ் ஸ்டாண்டு வர நடந்து போனா ஒங்க சேல நனையுமா?”

“ரெண்டு தூத்தல் விழும். அதுக்கென்ன?”

“அருவிக்கரையில குடையில்லாம நாள் பூரா யாவாரம் பாக்கவன் எப்படி இருப்பான்? பாப்பாவுக்கு இது ரெண்டு தூத்தல். அதுக்கும் ஒரு குடைதான் அந்த அங்கி. நான் தெனமும் பத்துப் பதினஞ்சு பேருக்கு எடுக்கேன். உள்ளயே நின்னா நான் நாள் பூரா நனையுதவன். அதுக்குத்தான் டாக்டரு என்னய வையுதாங்க.”

அந்த அம்மா குடையை விரிக்காமல் நின்றார். பின்னால் வந்திருந்த டாக்டரம்மாவிடம் கேட்டார். “எடுக்காட்டா என்ன செய்யும்?”

“ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். உள்ள ஏதாவது தடுத்துச்சுன்னா, நாளாக ஆக அந்தப் பல்லு கோணிப் போயிரும்.”

தர்ஷினி என்னைப் பார்த்துக் கேட்டாள். “அப்ப மாமா, நீங்க இவ்வளவு நாளும் நனைஞ்சியளா?”

“ஆமா பாப்பா. புத்தியில்லாம நனைஞ்சேன்.”

அவள் சிரித்தாள். அவள் அம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சரி, ஒண்ணே ஒண்ணுதான்” என்றார்.

4. ஒரே படம்

இரண்டாவது முறை எடுக்க நேர்ந்தால் அந்த அம்மா முகத்தில் நான் விழிக்க முடியாது. அதனால் பட்டனைத் தொடாமல், ஹோல்டரை மட்டும் கொடுத்துப் பழக்கினேன். கடி, பத்து எண்ணு, விடு. நான்கு தடவை ஆனது. ஐந்தாவது தடவை வயரை இழுத்துக்கொண்டு அவள் அம்மாவோடு வெளியே போய், கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே அமுக்கினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

கம்ப்யூட்டரில் படம் வந்தது. வராத பல்லுக்கும் வந்த பல்லுக்கும் நடுவில், தலைகீழாக, நெல்மணி போல ஒரு குட்டிப் பல். அது இருக்கவே கூடாத பல். அதுதான் வழியை மறித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா வெகுநேரம் திரையையே பார்த்தார். “இது எப்படிக் கண்ணுக்குத் தெரியும்” என்று தனக்குத்தானே சொன்னார்.

திருநெல்வேலியில் ஒரு சர்ஜனிடம் அந்தக் குட்டிப் பல்லை எடுத்தார்கள். சில மாதம் கழித்து வராமல் இருந்த முன்பல் ஈறைக் கீறி எட்டிப் பார்த்தது. அடுத்த வருடச் செக்கப்பில் டாக்டரம்மா கண்ணால் பார்த்ததோடு சரி. “படம் தேவையில்ல, போய்ட்டு வாங்க” என்றார். தேவையில்லை என்று சொல்லும் டாக்டரை, தேவை என்று சொல்லும்போதும் நம்பலாம்.

அன்று என் கையை எடுக்கச் சொன்ன டாக்டரம்மாவுக்கும், எழுந்து போகத் துணிந்த அந்த அம்மாவுக்கும் நான் கடன்பட்டவன். இப்போது பிள்ளைகள் கேட்பதற்கு முன்பே, நான் ஏன் வெளியே போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பயத்தைப் போக்குவதற்குப் பொய் வேண்டியதில்லை.

போன மாதம் தர்ஷினி மறுபடி வந்தாள். இப்போது பெரிய பிள்ளை. கடைவாய்ப் பல்லில் கூச்சம் என்று டாக்டரம்மா ஒரு படம் எடுக்க எழுதிக் கொடுத்தார். நான் அங்கியைக் கம்பியிலிருந்து எடுத்துப் போர்த்தினேன். ஹோல்டரை அவளே வாங்கினாள். கடிப்பதற்கு முன்னால் கதவைக் காட்டினாள்.

“நீங்க வெளிய போங்க மாமா. இங்கன நான் பாத்துக்கிடுதேன்.”

போனேன்.