பூப்பாறையில் ஒரு வங்கிப் படம்

கேரளத்துப் பூப்பாறை பஸ் நிறுத்தத்து டீக்கடை டிவியில் ஒரு டப்பிங் படம் ஓடுகிறது. ஊழல் வங்கி ஒன்றைப் பிடிக்க நாயகன் நாடு நாடாகப் போய்ச் சுடுகிறான். வங்கி யாரை எப்படி ஏமாற்றியது என்பதை மட்டும் இதுவரை யாரும் சொல்லவில்லை. பெரிதாக எதிர்பார்த்த எனக்குச் சலிப்பாக இருக்கிறது.

சூரியநெல்லி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தேயிலைத் தோட்டத்து அக்கா கேட்கிறார்: "எதுக்கு தாயி இந்தச் சுடு சுடுறான்?"

"பேங்க்காரங்க ஊரையே ஏமாத்திட்டாங்களாம்க்கா."

"அதுக்கு இவ்வளவு கூத்தா? ஊரை ஏமாத்த ஒரு பாரம் போதுமே!"

பையிலிருந்து குழுக்கடன் பாரத்தை எடுக்கிறார். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. இவரும் போட்டால்தான் பணம் வருமாம்.

"படிச்ச புள்ளதான நீ? என்ன எழுதியிருக்குன்னு சொல்லு."

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். நிமிர்ந்து உட்கார்ந்து வாங்குகிறேன். அத்தனையும் மலையாளம்.

"எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதுக்கா." சொல்லும்போது முகம் சுடுகிறது.

"காலேஜ் படிச்ச உனக்கே தெரியலையா? அப்ப அவளுக எதைப் பாத்துப் போட்டாளுக?"

பாரத்தை மடித்துப் பைக்குள் வைக்கிறார். "வாசிச்சுச் சொல்ல ஆள் கிடைக்கட்டும். அதுவரைக்கும் போடமாட்டேன். அவளுக ஏசுனா ஏசட்டும்."

டிவியில் வங்கிக் கட்டடம் வெடித்துச் சிதறுகிறது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறுகிறார்.