தவக்காலத்துக்கு முன் காய்ச்சிய பால்

வாசலில் கட்டிய மாலை வாடுவதற்குள் என் கடைக்குப் பூட்டு விழுந்தது.

அடையாற்றில் ஒரு சந்துக்குள் மீன்குழம்புச் சாப்பாட்டுக் கடை. என் கணவர் அந்தோணி கடலுக்குப் போகிறவர். அவர் கொண்டுவரும் மீனை நானே சமைத்து விற்கலாமென்று நகையை அடகு வைத்துப் பிடித்த இடம். லைசன்ஸுக்கு ஆன்லைனில் போட்டிருந்தோம், வரவில்லை. ஆனால் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்துகொண்டிருந்தது. தவக்காலத்தில் எங்கள் சனம் கறியைத் தொடாது, மீனைத்தான் தேடும். அதே தவக்காலத்தில் நல்ல காரியம் எதையும் தொடங்கவும் தொடங்காது. அதனால் செவ்வாய்க்கிழமையே பங்குச் சாமியாரை அழைத்துக் கடையை மந்திரித்து, பால் காய்ச்சித் தெருவுக்கெல்லாம் கொடுத்தோம்.

அந்த நேரம் பார்த்து சுகாதார அதிகாரி அம்மா வந்தார்.

"லைசன்ஸ் வர்றதுக்குள்ள கடை தொறந்துட்டீங்களா?"

"பால்தாம்மா காச்சினோம். யாவாரம் பண்ல."

"ஊருக்கே குடுத்திருக்கீங்க. பின்னாடி சாக்கடை வேற தொறந்து கெடக்கு."

பூட்டிவிட்டுப் போனார்.

லஞ்சக் காசுக்குத்தான் பூட்டினார் என்று நினைத்தேன். இல்லை, பக்கத்து பிரியாணிக்கடைக்காரர் போட்டுக்கொடுத்திருப்பார். இல்லை, இடத்துக்காரரே கூட. சந்தேகம் கடலோரத்து உப்புக்காற்று. கதவைச் சாத்தினாலும் உள்ளே வந்து இரும்பைத் தின்னும்.

"நீ மாதாவையே சந்தேகப்படுவ போல கீது" என்றார் அந்தோணி.

"ஆமாய்யா. பூட்டுறப்போ அவங்களும்தானே பாத்துக்கினு இருந்தாங்க?"

ஆனாலும் மாதா கோயிலுக்குத்தான் போனேன். 'தாயே, வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பூட்டைத் திறந்துவிடும். இல்லாவிட்டால் நாங்கள் முடிந்தோம்.' அழுதேன். மிரட்டவும் செய்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. பூட்டு அசையவில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் கடைக்கு எதிரே வெறுமனே நின்றேன். மாதா கைவிட்டாள் என்றே முடிவு செய்தேன். அப்போது உள்ளே இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம்.

போன் போட்டதும் அதிகாரி அம்மா ஓடிவந்து திறந்தார். அடுப்புக்கு மேலிருந்த கூரை, காரையும் கம்பியுமாக அடுப்பின்மேல் கிடந்தது. நான் நிற்க வேண்டிய இடம்.

பிரியாணிக்கடைக்காரர்தான் தண்ணீர் கொண்டுவந்தார். "யக்கா, நீ உள்ள இருந்திருந்தா இன்னா ஆயிருப்ப?"

எனக்கு அப்போதும் சந்தேகம். அதிகாரி அம்மாவிடம் கேட்டேன். "கூரை விழும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"சத்தியமா நான் மேல பாக்கவே இல்லம்மா. சாக்கடையைத்தான் பாத்தேன்."

அவர் பார்க்கவில்லை. பார்த்தது யாரென்று எனக்குத் தெரியும்.

இடத்துக்காரர் கூரையை மாற்றிக் கட்டினார். சாக்கடையை மூடினோம். ஈஸ்டர் கழிந்து லைசன்ஸ் வந்தது. ஒருவரும் கை நீட்டவில்லை. தவக்கால வியாபாரம் போனது போனதுதான். நகை இன்னும் அடகில்தான். ஆனால் தினமும் அந்த அடுப்படியில் நிற்கிறேன், உயிரோடு. குழம்பு கொதிக்கும்போது உதடு தானாக ஸ்தோத்திரம் சொல்கிறது.

பிரியமானவர்களே, சந்தேகமில்லாமல் செபியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கே அது இன்னும் கைவரவில்லை. சந்தேகத்தோடேயே போய் முழந்தாளிடுங்கள். கேட்டது கிடைக்காத அன்று மட்டும், அவசரப்பட்டு எழுந்து போய்விடாதீர்கள்.