புளி போட்டு விளக்கிய கண்காட்சி

தொண்ணூறுகளின் நடுவில், சிங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் மில் தொழிலாளர் காலனியின் படிப்பகத்தை நான்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சரித்திர வாத்தியார் தினமும் பேப்பர் படிக்க வருவார். நம் காலனியைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தால் என்ன சார் என்று அவரிடம் கேட்டேன். உங்கள் காலனிக்கு ஏது சரித்திரம், எல்லாம் பிழைக்க வந்த சனம்தானே என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார். எனக்குச் சுருக்கென்றது. வைத்துக் காட்டுகிறேன், சரித்திரம் என்று பட்டால் உங்கள் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வரவேண்டும் என்றேன். சரி என்றார்.

வீடு வீடாகப் போய், பழைய சாமான் ஒன்று கொடுங்கள், அழுக்கோடு அப்படியே கொடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். விளக்காத பாத்திரத்தை எங்கள் சனம் அடுத்தவர் கையில் கொடுத்துவிடுமா? ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்த அண்டா, குண்டா, சோறு கொண்டுபோகும் தூக்குப்போசி அத்தனையும் புளி போட்டுத் தேய்த்து, நேற்று வாங்கியதுபோல் மின்னின. முதல் குற்றவாளி என் அம்மா.

"கரி புடிச்சதக் குடுத்தா நாலு பேரு என்ன நெனப்பாங்க கண்ணு" என்றாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

வாத்தியார் வந்தார். பாத்திரக்கடை எப்போது திறந்தீர்கள் என்று சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது. அம்மாவின் பித்தளைத் தூக்குப்போசியையாவது ஒளித்துவைக்கலாம் என்று எடுத்தேன். கழுத்தடியில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. இத்தனை வருடம் கரிக்குள் கிடந்திருக்கிறது, பாவி நான் பார்த்ததே இல்லை. மற்றதையும் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். அந்தியூர், வெள்ளகோவில் என்று ஊர்கள். சீர் கொடுத்த அப்பன், அண்ணன் பெயர்கள். சத்தமாகவே வாசித்தேன். அம்மாவுடையதில் மட்டும் அம்மா பெயரே இருந்தது. மில்லில் நூல் சுற்றும் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் அவளே வாங்கியதாம், பக்கத்தில் நின்ற அம்மா சொன்னாள். அந்தப் பெயரை இன்னொரு முறை பெருமையாக உரக்க வாசித்தேன்.

வாத்தியார் போசியைக் கையில் வாங்கினார். அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்கூட்லயும் இப்படி ஒண்ணு இருக்குதுங்க. எங்கம்மா பேரு வெட்டுனது. அவங்களும் மில்லுக்குப் போனவங்கதானுங்க" என்றார். "நாளைக்குப் பிள்ளைங்களக் கூட்டியாரப்ப அதையும் கொண்டு வாரேனுங்க."

"கொண்டாங்க சார்" என்றேன். "நல்லாப் புளி போட்டு வெளக்கிக் கொண்டாங்க."